இரண்டு கமாக்களுக்கு நடுவே

பாளையங்கோட்டையில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் ஆபீசில் ஒரு சீடர் இருந்தார். பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய குரு பியூலாவுக்கு முப்பதுகூட நிறையவில்லை.

வயதில் சின்னவள்தானே என்று 'சொன்னாள், வந்தாள்' என்று எழுதலாம்தான். ஆவுடையப்பன் சண்டைக்கு வருவார். அதனால் இங்கேயும் 'சொன்னார், வந்தார்'தான்.

ஆவுடையப்பன் ஒரு கூரியர் கம்பெனியில் பார்சல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடியதும், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்து சேர்ந்தார். மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது பியூலா. முதல் நாளே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். பியூலா வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

வேலையில் கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது. ஒரே ஒரு குணம். காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். வண்டியில் பார்சல் அடுக்கின காலத்தில் விரல் நுழைய இடம் விடமாட்டாராம். பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அன்றைக்குக் காலையில் அவர் படியேறி வந்த வேகமே சரியில்லை.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி முழ நீளத்துக்குத் தொங்குது?"

"பின்னே என்ன டீச்சர்? சேரன்மகாதேவியில பஸ்ஸு வந்து நிக்கும்போதே சன்னல் வழியா துண்டைப் போட்டுட்டேன். ஏறிப் போய்ப் பாத்தா, என் துண்டைச் சுருட்டி மேல வச்சுட்டு ஒருத்தன் சொகுசா உக்காந்திருக்கான்."

"கேக்கலியா?"

"கேக்காம விடுவேனா? 'இங்கதான் யாரும் இல்லையே'ங்கான். யாரும் இல்லையாம்! ஆள் ஏறி வந்துக்கிட்டு இருக்குன்னுதானே அங்க துண்டு கெடக்கு? இது தெரியாதவன்லாம் எதுக்கு பஸ்ஸுல ஏறுதான்?"

பாளையங்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறார், பாவம். பியூலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்து ஆவுடையப்பனுக்கும் கோபம் இறங்கிவிட்டது.

"அதை விடுங்க. நீங்க தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நான் ஒரு வேலை முடிச்சிருக்கேன். வந்து பாருங்க."

அவர் முடித்திருந்த வேலை இதுதான். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். தைராய்டு குறைவு இருந்தால் அதில் தெரிந்துவிடும். உடனே மாத்திரை ஆரம்பித்தால் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும். நாள் தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும். கெட்டது கெட்டதுதான், அப்புறம் என்ன கொடுத்தாலும் திரும்பாது. லேப் அனுப்பும் முடிவுகளைப் பிரித்து, அந்தந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

லேபிலிருந்து வரும் ஃபைல் பழைய வகை. பதிவு எண், குழந்தை பெயர், அம்மா பெயர், ஊர், போன் நம்பர், முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை எழுத்து என அளந்துவிட்ட இடம் உண்டு. பெயர் சின்னதாக இருந்தால் மிச்ச இடம் வெறுமனே கிடக்கும். ஆஸ்பத்திரிக்கோ கமா போட்டுப் பிரித்த ஃபைல் வேண்டும்.

"எவ்வளவு இடம் வீணாக் கெடந்துச்சு தெரியுமா டீச்சர்? வரிக்கு வரி பொட்டல்காடு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு கமா போட்டேன்."

"நல்லது."

"அப்பவும் சில வரியில ரெண்டு கமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நடுவுல ஒண்ணுமே இல்லை. பாக்க அசிங்கமா இருந்துச்சு. நெருக்கி ஒரே கமாவா ஆக்கிட்டேன்."

பியூலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்ப இருந்து ஓடுது?"

"முந்தாநாள்ல இருந்து. ஒரு புகார் வரணுமே! ஆனா ஒரு சின்ன சந்தேகம் டீச்சர்."

"சொல்லுங்க."

"கொஞ்ச வரிகளை புரோகிராம் ஏத்துக்க மாட்டேங்குது. ஒரு விவரம் கொறையுதாம். எல்லாம் அரைகுறை வரிங்க. ஒண்ணுல பாருங்க, அம்மா பேரு 'களக்காடு'ன்னு இருக்கு. ஊர்ப் பேரையெல்லாமா பொம்பளைக்கு வைப்பாங்க? அதை எல்லாம் 'கழிசல்'னு ஒரு ஃபோல்டர் போட்டு ஒதுக்கி வச்சிருக்கேன். அழிச்சிரலாமா?"

பியூலா வாயைத் திறப்பதற்குள் தெருமுனை டீக்கடைப் பையன் டீ கொண்டுவந்துவிட்டான். கம்பி ஸ்டாண்டில் ஆறு வளையம். எந்த வளையத்தில் யாருடைய கிளாஸ் என்பது இந்த ஆபீசில் எழுதாத சட்டம். முதல் வளையம் பியூலாவுக்கு. இரண்டாவது ரேவதிக்கு. மூன்றாவது ஆவுடையப்பனுக்கு, சர்க்கரை இல்லாமல். நான்காவது முதலாளிக்கு, இரண்டு கரண்டி சர்க்கரை. ஐந்தாவது கணக்குப் பார்க்கும் செல்லத்துரைக்கு, இஞ்சி தட்டிப் போட்டது. ரேவதி அன்றைக்கு லீவு. அதனால் இரண்டாவது வளையம் காலி.

பியூலா எழுந்துபோய் ஸ்டாண்டைக் கையில் வாங்கினார். மூன்றாவது கிளாஸை எடுத்து இரண்டாவது வளையத்தில் வைத்தார். நான்காவதை மூன்றாவதில். ஐந்தாவதை நான்காவதில். மடமடவென்று நகர்த்திவிட்டு, ஸ்டாண்டை ஆவுடையப்பனின் முன்னால் நீட்டினார்.

ஆவுடையப்பனின் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. கை பழக்கத்தில் மூன்றாவது வளையத்துக்குப் போனது. பையன் ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். ஒரு மடக்குக் குடித்தவர், "ஐயையோ, சீனி! பாயசமால்லா இருக்கு!" என்று துள்ளினார்.

அதே நேரத்தில் உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "யாருய்யா என் டீயில இஞ்சியப் போட்டது?"

"டீச்சர், நீங்களா மாத்தி வச்சீங்க?"

"ஆமா."

"ஏன்?"

"நடுவுல ஒரு வளையம் சும்மா கெடந்துச்சு அண்ணாச்சி. பாக்க அசிங்கமா இருந்துச்சு. நெருக்கி வச்சேன்."

ஆவுடையப்பன் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளாஸைக் கீழே வைக்கப் போனவர், பாதியில் நின்றுவிட்டார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"களக்காடு," என்றார்.

பியூலா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அது ஊருதான். அம்மா பேரு அதுக்கு முந்தின கட்டத்துல போய் உக்காந்திருக்கு. குழந்தை பேரு இருக்கவேண்டிய இடத்துல. அப்ப குழந்தை பேரு..."

"ஃபோல்டரைத் திறங்க."

திறந்தார். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியின் வரிகள். மற்ற ஆஸ்பத்திரிகளில் பெயர் வைக்காத பிள்ளையை 'இன்னாருடைய குழந்தை' என்று எழுதி அனுப்புவார்கள். இந்த ஆஸ்பத்திரி மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்று நேர்மையாக அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தது. அந்த நேர்மையைத்தான் ஆவுடையப்பன் கழிசல் என்று ஒதுக்கியிருந்தார்.

களக்காட்டு வரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. லேப் அதைச் சும்மா போடாது. உடனே டாக்டர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

"முந்தாநாள்," என்றார் ஆவுடையப்பன். "முந்தாநாளே வந்திருக்கு டீச்சர்."

"போனை எடுங்க."

ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி சிஸ்டர் எடுத்தார். "களக்காட்டு முத்துப்பேச்சியா? பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாவளே. எங்க கம்ப்யூட்டர்ல நட்சத்திரம் ஒண்ணும் வரலியே அண்ணாச்சி."

"வந்திருக்கு சிஸ்டர். என் தப்பு. நான்தான் நிறுத்தி வச்சுட்டேன்."

முத்துப்பேச்சியின் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் அதையே சொன்னது. களக்காட்டு நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று ஜெபக்கனி சிஸ்டர் சொன்னார். அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆவுடையப்பனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முகம் தெரியாத அந்தப் பிள்ளை, தொட்டிலில் கிடந்து கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தது அவர் கண்ணுக்குள். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதன் அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே இடம் இவருடைய ஃபோல்டர்.

"டீச்சர், என்னை நாலு வார்த்தை திட்டிருங்க."

"திட்டுனா போன் அடிச்சிருமா?"

"மனசு கேக்கல டீச்சர்."

"கை கேக்கும்ல? மிச்ச வரியெல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணா அனுப்புவோம். நீங்க படிங்க, நான் சரி பாக்கேன்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் புரோகிராமில் கமாவை நெருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரியிலும் தான் எடுத்த கமாவைத் திருப்பி வைத்தார். படிக்கும்போது இரண்டு தடவை குரல் உடைந்தது. பியூலா காதில் விழாத மாதிரி இருந்தார். நடுவில் எழுந்துபோய்ச் சர்க்கரை இல்லாத டீ ஒன்று வாங்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப் போயிற்று.

சாப்பாட்டு நேரம் தாண்டி போன் அடித்தது. ஆவுடையப்பன் இரண்டு கையாலும் எடுத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளை வந்துட்டா! பொம்பளப்பிள்ளை. டாக்டர் பாத்துட்டாவ. திரும்ப ரத்தம் எடுத்தாச்சு, மாத்திரையும் இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. காலம் கடந்துரல, பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாவ."

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஐம்பது தாண்டிய மனிதர், ஆபீஸ் நடுவில், ஏங்கி ஏங்கி அழுதார். செல்லத்துரை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பியூலா போனை வாங்கி மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஹலோ, அண்ணாச்சி? இருக்கியளா? இன்னொண்ணு கேக்கணும். நீங்க இப்ப அனுப்புன வரியில பிள்ளை பேரு காலியா இருக்கு. முத்துப்பேச்சிகிட்ட கேட்டா இன்னும் வைக்கலைங்கா. குலதெய்வம் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் வைப்பாவளாம். நீங்க ஏதாவது போட்டு அனுப்புதியளா?"

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்தார். களக்காட்டு வரியைத் திரையில் கொண்டுவந்தார். பதிவு எண், அப்புறம் ஒரு கமா, ஒட்டினாற்போல இன்னொரு கமா, அப்புறம் முத்துப்பேச்சி.

"டீச்சர், இதை இப்படிக் காலியா விட எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என்னைய மாதிரி இன்னொரு கிறுக்கன் வந்து நெருக்கிருவான். 'பெயரில்லை'ன்னாவது போட்டுருவோமா?"

அவர் விரல் கீபோர்டின் மேல் நின்றது. பியூலா அந்த இரண்டு கமாக்களையும் பார்த்தார். பிறகு அவர் தோளிலிருந்து சரிந்திருந்த துண்டை எடுத்து, ஒழுங்காகத் தோளில் போட்டுவிட்டார்.

"ஒண்ணும் போட வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளை சன்னல் வழியா துண்டு போட்டிருக்கா. ஏறி வரட்டும்."