மூக்கின் மேல் விரல்

அந்தக் காலத்தில், மழை பொய்த்த மூன்றாம் ஆண்டு, பங்குனி மாதம் இருபத்திரண்டாம் நாள், பதினேழு மனிதர்களும் முப்பத்தொரு யானைகளும் ஒரே சுனையை நம்பி உயிரோடு இருந்தார்கள். சுனைக்கு மேலே பாறையில் காவலுக்கு நின்றவள் பெயர் ஈங்கை. ஈங்கை என்பது ஒரு முள்செடி. பெயரை வைத்தவர்கள் பெற்றோர். பொருத்தத்தை அவளே தேடிக்கொண்டாள்.

அப்போது எல்லா உயிர்களும் பேசின. மனிதருடைய உணர்ச்சிகளும் பேசின. அவை உடம்பில் ஆளுக்கோர் இடம் பிடித்துக் குடியிருந்தன. பயம் வயிற்றுக்குள் இறங்கியது. துக்கம் தொண்டையை எடுத்துக்கொண்டது. கோபம் மட்டும் வரும் வழியில் கல் தடுக்கி, அந்தக் கல்லோடு அரை நாள் சண்டை போட்டுவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தது. அதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது மூக்கு நுனி. கடுகளவு சிவப்புப் பூச்சியாக அங்கே உட்கார்ந்துகொண்டது. சிலருடைய கோபம் அங்கேயே படுத்துத் தூங்கிவிடும். ஈங்கையின் கோபம் கண் மூடியதே இல்லை.

சுனையில் ஒரு முறை இருந்தது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை யானைகள் குடிக்கும். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை மனிதர்கள். இதுவரை யாரும் முறை தவறவில்லை. ஆனால் அன்று காலை சுனையில் ஒரு சாண் ஆழம்தான் இருந்தது.

ஈங்கைக்குப் பிறந்து நாற்பது நாளான மகன் இருந்தான். பதினேழு என்ற கணக்கில் அவனும் ஒருவன். இரண்டு நாளாக அவளுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. அன்று காலை குழந்தை அழுவதையும் நிறுத்தியிருந்தான். அவன் அழுதபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

சுனையை ஒட்டிச் செல்லும் யானைப் பாதைக்கு நேர் மேலே, குடிசை அளவு உருண்டைக் கல் ஒன்று ஒரே ஒரு மரக்கட்டையின் முட்டில் நின்றது. கட்டையில் நார்க்கயிறு கட்டியிருந்தார்கள். யானைகள் முறை தவறினால் கயிற்றை இழுப்பது என்று பெரியவர்கள் பதினாறு பேரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். கயிறு அன்று ஈங்கையின் காலடியில் கிடந்தது.

அவள் கணவனின் தம்பி வாகை பக்கத்தில் வந்து குந்தினான்.

"என்ன அண்ணி, மூக்குல இருக்கிறவரு இன்னைக்குச் சீக்கிரமே எந்திரிச்சிட்டாரு போல? அங்கேர்ந்து பாக்கும்போதே சிவப்பாத் தெரியுது."

"உனக்கு வேற வேலை இல்லையா வாகை?"

"இதுதான் வேலை. நீங்க தண்ணிக்குக் காவல், நான் உங்களுக்குக் காவல். அண்ணன்தான் அனுப்பினாரு."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோது மரங்கள் விலகின. உச்சி வெயில். மனிதர்களின் நேரம். முப்பத்தொரு யானைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தவள் கூட்டத்தின் தலைவி பெருங்காதி.

"பாத்தியா?" என்றது கோபம். "நான் அன்னைக்கே சொன்னேன்."

ஈங்கை கயிற்றை எடுத்தாள். வாகை எழுந்தான்.

"அண்ணி, பொறுங்க. என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டுட்டு நீ வர்றதுக்குள்ள ஒரு வாய் தண்ணி மிஞ்சாது."

"ஒரு நிமிஷம்" என்று அவன் பாறைச் சரிவில் இறங்கி ஓடினான்.

"இழு" என்றது கோபம்.

"வாகை கீழ இருக்கான்."

"அவனை யாரு போகச் சொன்னது?"

கோபம் எப்போதும் இப்படித்தான் பேசும். கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். ஈங்கை கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, கட்டை அசையும் அளவுக்கு இழுத்தாள். மேலே கல் ஒருமுறை முனகியது.

கீழே யானைகள் சுனையருகே வந்தன. குட்டிகள் மூன்று தண்ணீரின் பக்கம் திரும்பின. தாய்கள் துதிக்கையால் அவற்றை மெல்லத் தள்ளிக்கொண்டு போயின. ஒரு யானையும் குனியவில்லை. ஒரு சொட்டும் எடுக்கவில்லை. சுனையைக் கடந்து, கல்லின் கீழாகவே நடந்து, அப்பால் காய்ந்து கிடந்த ஆற்று மணலுக்குள் இறங்கி வட்டமாக நின்றன. பெருங்காதி துதிக்கையின் நுனியை மணலில் வைத்தாள். அடுத்தது வைத்தது. அதற்கடுத்தது. கடைசிக் குட்டிவரை எல்லாம் வைத்தன.

பிறகு அசைவே இல்லை. காதுகள்கூட நின்றுவிட்டன. பாதி வழியில் வாகையும் நின்றுவிட்டான். பூச்சிகள் சத்தத்தை நிறுத்தின. அப்போது ஈங்கையின் உள்ளங்காலில் பாறை அதிர்ந்தது. அது காதில் விழுகிற சத்தமில்லை. காலில் ஏறி, முழங்காலைக் கடந்து, நெஞ்சுக்குள் வந்து நின்றது. பூமியின் அடியில் இருக்கும் ஏதோ ஒன்றிடம் முப்பத்தொரு பேர் ஒரே குரலில் கேட்கிறார்கள். அது பதில் சொல்கிறது. அவள் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. தான் எவ்வளவு சிறியவள் என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்தது. அது ஏன் அவமானமாக இல்லை என்பது புரியவில்லை.

கயிறு கையிலிருந்து நழுவியது. அவளும் அவர்களைப் போலச் செய்ய நினைத்தாள். மனித மூக்கு மண்ணுக்கு எட்டாது. யானையின் மூக்கு நுனியில் விரல் போல ஒன்று இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவளிடம் இருந்தது கையில் ஒரு விரல். அதை மெல்ல எடுத்து மூக்கின் மேல் வைத்தாள்.

"ஏய்! மூச்சு முட்டுது! விரலை எடுடி!" என்றது கோபம்.

அவளுக்கு அது கேட்கவில்லை.

பெருங்காதி காலால் மணலைக் கீறினாள். மற்றவை தோண்டின. ஓர் ஆள் உயரம் தோண்டிய பிறகு மணல் கறுத்தது. பிறகு பளபளத்தது. தண்ணீர் நின்ற இடத்தில் நில்லாமல் மேலே ஏறியது.

"மேல நிக்கிற பெண்ணே" என்று பெருங்காதி அழைத்தாள். "பிள்ளை பெத்தவ நீதானே? இறங்கி வா. முதல்ல நீ குடி."

ஈங்கை இறங்கி வந்தாள். விரல் இன்னும் மூக்கில்தான் இருந்தது. வாகை அதைப் பார்த்தும் கேலி செய்யவில்லை. அவள் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"ஏன் எங்க நேரத்துல வந்தீங்க?"

"சுனைக்கு ஊத்து நின்னு போச்சு. வேற தண்ணி தேடணும். உச்சி வெயில்லதான் காடு வாயை மூடும். அப்பதான் அடியில ஓடுறது கேக்கும்."

"நான் கயித்தை..."

"தெரியும். நீ இழுத்தப்பவே பாறை சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா கல்லுக்குக் கீழ நடந்தீங்க?"

"மணலுக்குப் போக வேற வழி இல்லையே" என்றாள் பெருங்காதி.

ஈங்கை மேலே நின்ற கல்லை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் கோபமே வராதா?"

"ஏன் வராது? எங்க மூக்கு நுனியில பிறக்கும்போதே விரல் இருக்கு. கோபம் உக்கார இடமில்லாம நெத்திப்பொட்டுக்கு ஏறிடுச்சு. எங்க ஆம்பளைங்களுக்கு அது மதநீரா வழியும்போது பாரு, காடே ஒதுங்கி நிக்கும். உனக்காவது விரலை வைக்கத் தெரிஞ்சுது."

அன்று சாயங்காலம் குழந்தை அழுதான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஈங்கையின் சுபாவம் மாறிவிடவில்லை. மறுநாளே பானையைச் சாய்த்து வைத்ததற்காக வாகையை மூன்று தலைமுறையோடு சேர்த்துத் திட்டினாள். கோபம் இன்றும் மனிதரின் மூக்கு நுனியில்தான் இருக்கிறது. ஆனால் தன்னைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்க்கும்போது மனிதரின் விரல் தானாக எழுந்து மூக்கின் மேல் போய் உட்காருவது அன்று தொடங்கியதுதான். விரல் அங்கே இருக்கும்வரை கோபத்துக்கு மூச்சு வராது.

ஆனி மாதம் ஒன்பதாம் நாள் மழை பெய்தது. பத்தாம் நாள், பாதையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கல்லை மறுபக்கப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். தள்ளியவர்கள் பதினாறு பேர். பதினேழாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.