பெட்டிக்கு வெளியே இருந்தவர்

மலையடிவாரத்தில் தையல்நாயகி அம்மா நடத்திவந்த தியான இல்லத்துக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. குருவைவிடச் சீடர் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகம் இறந்த பிறகு, வீட்டில் தம்ளர் ஒன்று கைதவறி விழுந்தால்கூட என்ன சத்தம் என்று கேட்க ஆளில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் கிளம்பி வந்தார்.

வந்த இடத்திலும் பெரிதாக ஆறுதல் கிடைத்துவிடவில்லை. மற்றவர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தனிமை எப்போது விடும் என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருந்தார். அம்மா கேட்டுக்கொள்வார். பதில் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, தியான மண்டபத்தின் பெரிய கண்ணாடி ஜன்னலில் ஏதோ மோதியது. ஆவுடையப்பன் எழுந்து வெளியே ஓடினார். சுவரோரம் ஒரு சின்னப் பறவை கிடந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக் குருவி. கண்ணாடியில் தெரிந்த மரங்களை நிஜமென்று நம்பிப் பறந்து வந்திருக்கிறது. கண் பாதி மூடியிருந்தது. அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது.

கையில் ஏந்தித் தண்ணீர் புகட்டப் போனவரை அம்மா தடுத்தார். தண்ணீர் புரையேறினால் அதுவே எமனாகிவிடும் என்றார். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய துண்டை விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, சந்தடியில்லாத அறையில் வைக்கச் சொன்னார்.

ஆவுடையப்பன் அப்படியே செய்தார். ஆனால் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்கவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் பறவை மிரண்டு எழுந்து, பெட்டியின் உட்பக்கச் சுவரில் மோதிச் சரிந்தது. பின்னால் வந்த அம்மா மெதுவாக மூடியைச் சாத்தினார்.

"பக்கத்துல நான் இருக்கேன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா அம்மா?"

"தெரிஞ்சா பயப்படும்."

அப்போதுதான் ஆவுடையப்பன் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் செண்பகத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இவரை உள்ளே விடவில்லை. கதவில் இருந்த கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்ததுதான். அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அவ தனியாத்தான் போனா. இதையும் தனியா மூடி வைக்கச் சொல்றீங்க."

அம்மா அவர் அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுக்கு வெளியே. பெஞ்சுல."

"எழுந்து போனீங்களா?"

"இல்ல."

"இன்னைக்கும் அப்படியே இருங்க."

சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார். ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பெட்டியில் அசைவே இல்லை. செத்துப்போயிருக்கும் என்று தோன்றியது. கை மூடிவரை போகும், திரும்பி வரும். சாப்பாட்டுக்கு மணி அடித்தது. அவர் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவுமில்லை. அந்த அறையில் அவரும் ஒரு மூடிய பெட்டியும் மட்டும்தான்.

வெயில் சாயும் நேரத்தில் உள்ளே அட்டையை நகம் பிறாண்டியது. கொஞ்சம் விட்டு, இன்னும் பலமாக. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அம்மா வந்ததும் இருவரும் பெட்டியைத் தோட்டத்தின் கோடிக்குக் கொண்டுபோனார்கள். மூடியை அவரையே திறக்கச் சொன்னார் அம்மா. குருவி பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டது. பிறகு தாழப் பறந்து புதருக்குள் போய் மறைந்தது.

வெகுநேரம் அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். ஒரு இலைகூட ஆடவில்லை.

"திரும்பிக்கூடப் பார்க்கலையே அம்மா."

அம்மா பின்னால் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். கண்ணாடி நிறைய மரங்கள் நின்றன.

"நல்லவேளை ஐயா. திரும்பியிருந்தா, அந்தக் கண்ணாடியிலதான் மறுபடியும் மோதியிருக்கும்."