காவல்காரன் கேட்ட ஓட்டை

ஏரிக்கரையில், தண்ணீரின் மேல் சாய்ந்து நின்ற ஒரு கருவேல மரத்தில் பறவைகள் பல குடியிருந்தன. மல்லன் என்ற கரிச்சான் குருவிதான் அந்த மரத்துக்குக் காவல். ஆள் சிறியவன், கோபம் பெரியது. காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் உச்சிக்கிளையிலிருந்து பாய்ந்து, தலையில் கொத்தி, ஏரியைத் தாண்டும் வரை விரட்டிவிட்டுத்தான் திரும்புவான்.

அவன் காவலில் யாருக்கும் குறையில்லை. மல்லனுக்குத்தான் மனத்துக்குள் ஒரு குறை இருந்தது.

காரணம் நாரம்மை. அவள் ஒரு தூக்கணாங்குருவி. கிளை நுனியில், தண்ணீருக்கு மேலே தொங்கியது அவள் கூடு. புல்நாரால் நெருக்கிப் பின்னிய கூடு, சுற்றிலும் மூடியிருக்கும். அடியில் நீண்டு தொங்கும் குழாய்தான் வாசல். அது வழியாக விருட்டென்று மேலேறிப் போய்விட்டால், அப்புறம் அவள் என்ன செய்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. மரத்துக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாம் அந்தக் கூட்டைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள். காவல்காரனை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

மல்லனின் கூடோ நாலு குச்சியை வளைத்து வைத்த ஒரு தட்டு. ஒரு மழைநாளில் அதில் தொப்பலாக நனைந்தபடி அவன் மனைவி, நாரம்மை கூட்டுக்குள் எவ்வளவு கதகதப்பாக இருக்குமோ என்று பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான், மல்லனுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரைக் காப்பவன் நான், நனைபவனும் நான், இந்த நாரம்மை மட்டும் மூடிக்கொண்டு உள்ளே என்ன கொட்டி வைத்திருக்கிறாள் என்று பொருமினான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சாரைப்பாம்பு மரமேறி, புறாவின் முட்டைகளை விழுங்கிவிட்டுப் போனது. மரமே நடுங்கியது. எல்லோரும் மல்லனைச் சுற்றிக்கொண்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார்கள்.

மல்லனுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. காவல்காரன் கண்ணுக்குத் தெரியாத இடமே மரத்தில் இருக்கக்கூடாது, ஆகவே எல்லாக் கூடுகளிலும் பக்கவாட்டில் ஓர் ஓட்டை இருக்க வேண்டும் என்றான். புறாவும் கொக்கும் கொண்டைக்குருவியும் உடனே தலையாட்டின. அவர்கள் கூடுகள் முன்பே திறந்துதான் கிடந்தன. சட்டம் எல்லோருக்கும் என்று பெயர், விழுந்தது ஒரே ஒரு கூட்டின் மேல்.

நாரம்மை கெஞ்சினாள். "அந்தப் பாம்பு என் கூட்டுக்கும்தான் வந்துச்சு அண்ணே. உள்ள நுழைய வழி தெரியாம வழுக்கித் தண்ணியில விழுந்துச்சு. நீங்க வெளியில நின்னு காவல் காத்தாப் போதும்."

"ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லேன்னா, ஓட்டை போட ஏன் பயப்படுறே?" என்றான் மல்லன்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல் நாரம்மை தன் அலகாலேயே நாரை விலக்கி ஓட்டை போட்டாள்.

மல்லன் எட்டிப் பார்த்தான். உள்ளே மெத்தென்று புல் விரித்திருந்தது. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. வேறொன்றும் இல்லை. பார்த்த பிறகாவது பொறாமை அடங்கியதா? இல்லை, இன்னும் கூடியது. மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தான். அவள் என்ன தின்றாள், குஞ்சுகளை எப்படித் திட்டினாள் என்று கரையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாரம்மை வெளியே தலைகாட்டவே கூசினாள். உச்சிக்கிளையோ காலியாகக் கிடந்தது.

"கிளையில நின்னபடியே அந்த ஓட்டைக்குள்ள தலைய விட்டா, குஞ்சுங்க மூக்கே இடிக்கும்" என்று ஒருநாள் மல்லன் கொக்கிடம் அளந்துகொண்டிருந்தான். பக்கத்துக் கோரைப்புல்லுக்குள் சாரைப்பாம்பு படுத்திருந்தது. அது மெல்ல நகர்ந்தது. மல்லன் பேச்சை நிறுத்தவில்லை.

நாரம்மையின் அலறல் கேட்டுத்தான் பறந்து வந்தான். பாம்பின் தலை ஓட்டைக்குள் இருந்தது. வெறி பிடித்தவனாய் அதன் உடம்பெல்லாம் கொத்தினான். பாம்பு பிடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஆனால் விழும்போது அதன் வாயில் ஒரு குஞ்சு இருந்தது.

பறவைகள் எல்லாம் கூட்டைச் சுற்றிக் கூடின. பிறகு கொக்கு, பாம்பு மகா தந்திரக்காரன் என்று ஏதோ முணுமுணுத்தது.

"பாம்புக்கு முன்னாடி வழி தெரியலை" என்றாள் நாரம்மை. "நாமதான் வழி வச்சுக் கொடுத்தோம்."

மல்லன் நாரை எடுத்து வந்து ஓட்டையை அடைக்கப் பார்த்தான். அவனுக்குப் பின்னத் தெரியவில்லை. வைத்த நாரெல்லாம் தண்ணீரில் விழுந்தது. மற்றவர்கள் அவனை மரத்தை விட்டே துரத்த வேண்டும் என்றார்கள். நாரம்மைதான் தடுத்தாள்.

"பாம்பு இன்னும் சாகலை, காவல் வேணும்" என்றவள், அவன் பக்கம் திரும்பினாள். "ஆனா அண்ணே, இனிமே உங்க முகம் பாம்பு வர்ற பக்கம் இருக்கட்டும், என் வீட்டுப் பக்கம் வேண்டாம்."

அவள் ஓட்டையை அடைத்து முடிக்கும் வரை மல்லன் உச்சிக்கிளையில், அவள் கூட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நீதி: ஊரைக் காக்கிறேன் என்ற பெயரில் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வழி செய்பவன், அந்த வழியை எதிரிக்கும் சேர்த்தே திறந்துவிடுகிறான்.