பிடாரி கோவில் தெருவை நீக்கவா?

பூவணிப்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பஸ் கண்டக்டர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். அந்த ஊரில் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. மொத்தம் நாலு பேர். அருளானந்து தலைவர், வயிரவன் செயலாளர், சிக்கந்தர் பொருளாளர். நாலாவது ஆளான பொன்னழகுவுக்கும் ஒரு பதவி கொடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் எல்லாரும் நிர்வாகிகளாகிவிட்டால் சங்கத்தில் உறுப்பினர் என்று ஒருத்தர்கூட இருக்க மாட்டாரே என்று அவரை அப்படியே விட்டுவிட்டார்கள். நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். வினையே அதில்தான்.

சங்கத்தின் பத்தாம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வரவேற்புரை வயிரவன். வாழ்நாளில் முதல்முறையாக மைக் பிடிக்கப் போகிறார். பட்டு ஜிப்பா தைத்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் திருச்செந்தூரிலிருந்து வருவதாகச் சொல்லி டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். தினமும் குளிக்கும்போது ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று அவர் உறுமுவதும், ‘தண்ணி காலியாகுது’ என்று அவர் மனைவி வெளியிலிருந்து கத்துவதும் வழக்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, விழாவுக்குப் பேசி வைத்திருந்த அலமேலு மகால் மேனேஜர் சந்தானகிருஷ்ணன் போன் செய்தார்.

“சார், மெயில் அனுப்பி நாலு நாள் ஆச்சு. படிச்சுப் பார்த்துட்டு சம்மதம்னு ஒரு வார்த்தை பதில் போடுங்க. போன்ல சொன்னா செல்லாது, முதலாளி எழுத்துல கேக்குறார். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்.”

வயிரவன் மற்ற மூவரையும் கூப்பிட்டார். நாலு பேரும் சங்கத்து லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அந்த மெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவள் பக்கத்துக் கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா. லேபிள் போட்டுப் பிரித்து வைக்கலாம் என்று ஒருநாள் போகிற போக்கில் சொல்லிக் கொடுத்தாள். அன்றையிலிருந்து நாலு பேருக்கும் அதுதான் வேலை. வருகிற மெயிலையெல்லாம் தெருவாரியாகப் பிரித்தார்கள். வங்கியிலிருந்து வந்ததா? வங்கி இருக்கிற மேல ரத வீதி. சேலை விளம்பரமா? நெசவாளர் தெரு. சோபியா என்று யாரோ வெளிநாட்டுப் பெண் ‘அன்பே’ என்று விளித்திருந்தாள். சர்ச் தெரு. உள்ளூர்த் தெருக்கள் தீர்ந்ததும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். நாற்பது நாளில் நூற்று எண்பத்தேழு லேபிள்.

“மகால் மெயிலை எந்தத் தெருவுல போட்டோம்?” என்றார் வயிரவன்.

“மகால் பைபாஸ்ல இருக்கு. பைபாஸ் தெரு இல்லையே” என்றார் சிக்கந்தர்.

“கல்யாணம் அதிகமா நடக்கிற தெருவுல போட்டிருப்போம்” என்றார் பொன்னழகு.

எந்தத் தெருவில் கல்யாணம் அதிகம் என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. பொன்னழகு தன் மூன்று தங்கைகளின் கல்யாணத்தையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார். கடைசியில் வயிரவன் ஓடிப்போய் ஜெசிந்தாவைக் கூட்டி வந்தார். அவள் திரையைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னண்ணே இது, ஊரையே உள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்க? தேவையில்லாததை எல்லாம் நீக்குங்க. உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாம் வெளிய ஒரே இடத்துல வந்து நிக்கும், சுலபமாத் தேடிக்கலாம்.”

எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டாள்.

வயிரவன் முதல் லேபிளில் அழுத்தினார். திரை கேட்டது: ‘பிடாரி கோவில் தெரு’வை நீக்கவா?

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன வயிரவா?”

“நாப்பது வீடு இருக்கே அண்ணே.”

அருளானந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தேவையில்லாததைத்தானே நீக்கச் சொல்லுச்சு அந்தப் பிள்ளை? பிடாரி கோவில் தெரு தேவையா இல்லையான்னு நாம எப்படிச் சொல்றது? அங்க குடியிருக்கிறவங்களைத்தான் கேக்கணும்.”

நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள்.

பிடாரி கோவில் தெருவின் முதல் வீட்டு வாசலில் வெள்ளைத்தாயி வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயிரவன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

“தாயி, இந்தத் தெரு உங்களுக்குத் தேவைப்படுதா?”

“எதுக்குண்ணே கேக்குறீங்க?”

“இல்ல, தேவையில்லைன்னா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீக்கிடலாம்னு இருக்கோம். பயப்படாதீங்க, உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் வெளிய ஒரே இடத்துல வந்து நிப்பீங்க. சுலபமாத் தேடிக்கலாம்.”

வெள்ளைத்தாயியின் கையிலிருந்த வடகக் கிண்ணம் கீழே விழுந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். சொன்னவர் முப்பது வருஷம் அந்தத் தெருவில் ஒரு கடுதாசியைக்கூட வீடு மாற்றிக் கொடுக்காத மனுஷன். அவர் சொன்னால் அது சர்க்கார் சொன்ன மாதிரி. “ஐயோ, தெருவை இடிக்க வர்றாங்களாம்!” என்று அவள் போட்ட சத்தத்தில் நாற்பது வீட்டுக் கதவும் ஒன்றாகத் திறந்தன.

மற்ற மூவரும் அதே மாதிரி விசாரணையில்தான் இருந்தார்கள். நெசவாளர் தெருவில் சிக்கந்தரிடம், இடித்தால் மாற்று இடம் எந்தப் பக்கம் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். விசாரித்துச் சொல்வதாக அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார். பொன்னழகு போன கொல்லர் சந்தில் ஒருவர்கூடப் பதறவில்லை. “எங்க தெரு இருக்கட்டும். எதிர்த் தெருவை உடனே எடுங்க, அதுதான் தேவையில்லாதது” என்று ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்று மணிக்கெல்லாம் மெயின் ரோட்டில் கட்டில், பீரோ, கிரைண்டர், ஆட்டுக்குட்டி எல்லாம் வந்துவிட்டன. சாலை மறியல். இரண்டு பஸ்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. வருவாய் ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

“யாரும் எந்தத் தெருவையும் இடிக்கலைம்மா! உங்களுக்கு யாரு சொன்னது?”

எல்லாக் கையும் ஒரே பக்கமாக நீண்டன. அங்கே கூட்டத்தின் முதல் வரிசையில், முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டபடி வயிரவன் உட்கார்ந்திருந்தார். அவர் வீடு பிடாரி கோவில் தெருவுக்கு அடுத்த தெரு. இத்தனை பேர் அழுவதைப் பார்த்ததும் அவருக்கும் பயம் வந்துவிட்டது.

விஷயம் ஜெசிந்தாவின் காதுக்கு எட்டியது. பாதி ஜெராக்ஸைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, நாலு பேரையும் கூட்டத்திலிருந்து பிடுங்கி இழுத்துக்கொண்டு போனாள். சங்கத்துக்குள் நுழையும்போது மணி நாலரை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தெருவாக நீக்கினாள். ஒவ்வொன்றுக்கும் அருளானந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நூற்று எண்பத்தேழும் போயின. ஊரில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

மெயில்கள் வரிசையாக வந்து நின்றன. ஜெசிந்தா உற்றுப் பார்த்தாள்.

“ஒண்ணுகூடத் திறக்கலையே! தினமும் கேப்பேனே, மெயில் எல்லாம் பிரிச்சாச்சான்னு. பிரிச்சாச்சுன்னு சொன்னீங்களே!”

“பிரிச்சோம் தாயி” என்றார் வயிரவன் குழப்பத்துடன். “தெருத் தெருவாத்தானே பிரிச்சோம்.”

ஜெசிந்தா சட்டென்று திரைக்குத் திரும்பினாள். மகால் மெயிலைத் தேடிப் பிடித்தாள். “இந்தா, இதுதான். இதைப் பாருங்க, பதில் போடுங்க” என்று வளைந்த அம்புக்குறி ஒன்றையும் காட்டிவிட்டு, கடையில் மிஷின் சூடாகிறது என்று ஓடினாள்.

வயிரவன் விரலை நீட்டினார். அருளானந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

“விலாசத்தைப் பாரு. பெறுநர் யாரு?”

“ஓய்வுபெற்ற தபால்காரர்கள் சங்கம், பூவணிப்பட்டி.”

“அப்ப சங்கத்துல கொண்டு போய்ச் சேர்க்கணும்.”

“நாம சங்கத்துக்குள்ளதானே அண்ணே இருக்கோம்?”

“உள்ள இருந்துக்கிட்டே எவனாவது தபால் கொடுப்பானா? வெளிய போய்க் கதவைத் தட்டித்தான் கொடுக்கணும்.”

யார் போவது என்பதில் பெரிய சிக்கல். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு தபால். ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை. சீனியாரிட்டி பார்த்தால் அருளானந்து. அந்த வட்டாரத்தில் தபால் கொடுத்தவர் என்று பார்த்தால் சிக்கந்தர். முழங்கால் வலி இல்லாதவர் பொன்னழகு மட்டும்தான். மணி நாலே முக்கால். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாலு பேருமே வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

வயிரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சார், தபால்!”

பதில் இல்லை.

“சார், தபால்!”

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஃபேன் ஓடுது, ஆளைக் காணோம்” என்றார் சிக்கந்தர். மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்தார்கள். வயிரவனுக்கு மனசு கேட்கவில்லை. வரவேற்புரை, பட்டு ஜிப்பா, திருச்செந்தூர் சம்பந்தி எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. ஆனால் விதி விதிதான். வளைந்த அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: ‘மூன்று முறை தட்டினோம். கதவு சாத்தியிருந்தது. விலாசதாரர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.’ மணி நாலு ஐம்பத்தேழுக்கு அது போய்ச் சேர்ந்தது.

கால் மணி நேரத்தில் மேனேஜர் சந்தானகிருஷ்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சங்கத்துப் படியில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“விழா உண்டா, இல்லையா? ஒரு பதில் சொல்லுங்க சார்!”

“அதைச் சங்கத்துக்காரங்கதான் சொல்லணும்” என்றார் வயிரவன். “நாங்களும் அவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

“எப்ப வருவாங்க?”

“தினமும் இந்நேரம் உள்ளதான் இருப்பாங்க. இன்னிக்கு எங்க போய்த் தொலைஞ்சாங்களோ.”

மேனேஜர் சாத்திய கதவையும் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வயிரவன் அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து, அவர் காதோரமாகக் குனிந்தார்.

“நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். வாசலுக்கு வந்த தபாலைக்கூட வாங்காத ஆளுங்க. இவங்களை நம்பி மண்டபத்தைக் கொடுத்துடாதீங்க.”