கரடி வீட்டு ஆப்பிள் விருந்து

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி இருந்தது. அதன் மகள் தேனம்மையைப் பெண் பார்க்க இரண்டு வீட்டார் வந்தார்கள். சாப்பிட்டார்கள். "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"நாம வச்ச ஆப்பிள் சின்னது. அதுதான் காரணம்!" என்று கரடி முடிவு கட்டிவிட்டது.

ஆனி மாதம் மூன்றாவது வீட்டார் வருவதாகத் தகவல் வந்தது. இதுவும் தட்டிப்போனால் மகளுக்கு இந்த வருஷம் கல்யாணம் இல்லை. கரடிக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் குரங்கைக் கூப்பிட்டது.

"இந்தத் தடவை பெரிய ஆப்பிளா வேணும்!"

"உங்க கொல்லையில நாவல் பழம் கொட்டிக் கிடக்குதே அண்ணே! அதை வைக்கக் கூடாதா?"

"தரையில கிடக்கிறதை எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பாங்களா? என் மானம் என்ன ஆகிறது!"

ஆப்பிளுக்குக் கூலி ஒரு முழுத் தேனடை. தேனடை கிடைக்கும்போது குரங்கு வாதாடுவதில்லை.

கரடி நாவல் பழத்தின்மேல் தழையைப் போட்டு மூடியது. வாசனையை மூட மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

மாப்பிள்ளைக் கரடி தாய் தகப்பனோடு வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு ஆப்பிள் வைக்கப்பட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்டிக்கரோடு சேர்த்துக் கடித்தார்.

"எப்படி இருக்குங்க?" என்று கரடி கேட்டது.

"இருக்குங்க."

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம்!

எல்லோரும் கொல்லைப்புறம் ஓடினார்கள். தழையெல்லாம் வாரி இறைக்கப்பட்டிருந்தது. நடுவில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. வாயெல்லாம் ஊதா. பக்கத்தில் தேனம்மை மண் ஒட்டாத பழமாகப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"போச்சு! மூணாவது சம்பந்தமும் போச்சு!" என்று கரடி தலையில் கை வைத்துக்கொண்டது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்துப் பன்னிரண்டு பழம் உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்க காட்டுல நாவலே கிடையாது. உங்க பழத்தை நினைச்சுக்கிட்டுத்தான் ரெண்டு மலை ஏறி இறங்கி வந்தோம். நீங்க ஆப்பிளை நீட்டுறீங்க! எங்க வீட்டு விருந்துலயும் அதே ஆப்பிள்தாங்க. கொண்டாந்து தர்றதும் அதே குரங்குதான்!"

கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அப்போ... சம்பந்தம்?"

"முதல்ல சாப்பிட விடுங்க சம்பந்தி! பழம் தீர்றதுக்குள்ள நிச்சயத்தை வச்சுக்கலாம்."

நம் மண்ணில் விளைவதைத் தேடித்தான் விருந்தாளி நம் வீட்டுக்கு வருகிறான். அதை ஒளித்துவிட்டு, அவன் வீட்டிலும் கிடைப்பதை வரவழைத்து வைப்பது வீண் பெருமை.