மந்திரிக்காத கோயிலின் கதவு

கேளுங்கள், சிறியவர்களே, பெரியவர்களே. கப்பல்கள் பாய் விரித்து வந்துபோன அந்தக் காலத்தில், சங்குத்துறை என்ற கடற்கரை ஊரில் கஸ்பார் என்றொரு தலைவர் இருந்தார். பட்டங்கட்டியார் என்று ஊரார் அவரைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஊரார் மேட்டில் ஒரு கிறிஸ்தவக் கோயில் கட்டினார்கள். ஏழு வருடம் கட்டினார்கள். கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் கல் சுமந்தார்கள். மீன் விற்றுத் திரும்பும்போது பெண்கள் கல் சுமந்தார்கள். சுமக்க முடியாத கிழவர்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஓலை வேயாத கட்டடம் ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று அந்தக் கோயில். மற்றொன்று அதன் பக்கத்தில் இருந்த பட்டங்கட்டியாரின் ஓட்டு வீடு.

கோயில் முடிந்தது. ஆனால் குருமார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்து முதல் காலடி வைக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அது வழக்கம். அவர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார் பட்டங்கட்டியார்.

ஒருநாள் காலையில் புயல் வந்தது. முதலில் கூரைகள் பறந்தன. பிறகு மரங்கள் சாய்ந்தன. பிறகு கடலே தெருவுக்குள் வந்தது.

ஊர் மேட்டுக்கு ஓடியது. பிரகாசியும் ஓடினாள். அவள் முதுகில் அவள் புருஷன் சவேரியான் இருந்தான். சுறா கடித்து ஒரு காலை இழந்தவன்.

"இறக்கி விட்டுட்டுப் போடி. நீயாவது பிழைச்சுக்கோ."

"வாயை மூடிக்கிட்டு இறுக்கிப் பிடியும்."

"கல்யாணத்தன்னிக்கு நான் உன்னைத் தூக்கியிருக்கணும். இப்படியாகிப் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் பட்டங்கட்டியார் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, கதவைத் திறங்க. இவரால நீந்த முடியாது. தண்ணி முழங்காலுக்கு வந்துட்டுது."

"மந்திரிக்காத கோயில். முடியாது."

"உள்ளே ஆண்டவர் இருக்காரா, இல்லையா? இல்லேன்னா அது வெறும் கட்டடம், நாங்க போனா என்ன குத்தம்? இருக்கார்னா, மேற்றிராணியார் வராம அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது யாரு?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டங்கட்டியாருக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கதவு திறக்கவில்லை. பதில் தெரியாதவன் கதவைத் திறப்பான் என்று நினைக்காதீர்கள். அவன் இன்னும் அழுத்தமாகத்தான் அதில் சாய்ந்துகொள்வான்.

மூன்றாவது முறை அவள் பட்டங்கட்டியாரிடம் பேசவில்லை. வானத்தைப் பார்த்துக் கத்தினாள். ஜெபம் மாதிரியே இல்லை, சண்டை மாதிரி இருந்தது.

"நீர்தான் அடைக்கலம்னு சொல்லிச் சொல்லித்தானே கல்லைச் சுமந்தோம்! இப்ப எங்கே இருக்கீர்? பூட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

காற்று ஓயவில்லை. கடல் இறங்கவில்லை. ஆனால் கத்தி முடித்ததும் அவளுடைய பயம் போயிருந்தது. ஆண்டவர் இந்தப் பக்கம்தான் நிற்கிறார், தங்களோடு நனைந்துகொண்டு நிற்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

புருஷனை வாசல்படியில் இறக்கிவைத்தாள். கட்டி மிஞ்சிய ஒரு கல்லைத் தூக்கினாள். பட்டங்கட்டியார் விலகி ஓடினார். பூட்டின் மேல் ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

"மேற்றிராணியாரிடம் சொல்லாமல் விடமாட்டேன்!" என்று கத்திக்கொண்டே அவர் தன் வீட்டுக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

ஊர் முழுவதும் கோயிலுக்குள் போனது. பூட்டில்லாத கதவைக் காற்று தள்ளாதபடி நாலு பேர் முதுகு கொடுத்து உட்கார்ந்தார்கள். அதில் பிரகாசியும் ஒருத்தி.

மத்தியானம் பட்டங்கட்டியாரின் வீட்டுக்கூரை சரிந்தது. மனைவியைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து கோயில் கதவைத் தட்டினார்.

"மந்திரிக்காத கோயில், பட்டங்கட்டியாரே! மேற்றிராணியார் வரட்டும்!" என்று ஒருவன் உள்ளிருந்து கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசியும் சிரித்தாள். அந்த நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். இனிப்பாக இருந்தது. அங்கே நானோ நீங்களோ உட்கார்ந்திருந்தால் நமக்கும் இனித்திருக்கும்.

மறுபடி தட்டினார். பிரகாசி பீடத்தைப் பார்த்தாள்.

"இந்த ஆளுக்கும் நீர்தானா அடைக்கலம்?" என்று கேட்டாள். பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்ததால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

மூன்றாவது முறை தட்டியபோது எழுந்தாள். கதவு திறந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு அவர்கள் உள்ளே விழுந்தார்கள்.

"தாயே, நீ நல்லா..." என்று ஆரம்பித்தார் பட்டங்கட்டியார்.

"பேசாதேயும். எனக்கு இன்னும் கோபம் போகல. காத்து தள்ளுது, வந்து முதுகைக் கொடும்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவுக்கு முதுகு கொடுத்தார்.

துன்பத்தில் ஓடி வருகிறவர் எவராயிருந்தாலும் கடவுளே அவருக்கு அடைக்கலம், அந்த அடைக்கலத்தின் கதவை அடுத்தவர் முகத்தில் சாத்த எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை.