நுகத்தடி சுமந்த மாராயி

கடிகாரம் என்ற ஒன்று யார் கண்ணிலும் படாத காலம். நிழலைப் பார்த்துப் பொழுது சொன்ன காலம். அந்தக் காலத்தில் வேங்கைநாட்டை ஓர் அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக வந்து யார் காதைக் கடித்தார்களோ, அவர்கள் சொன்னதே அவனுக்குச் சரி. அப்படியும் அரசர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் பெருமழையில் ஏரிக்கரை உடைந்து ஊரே மிதந்தது. அடுத்த மழைக்குள் புதுக்கரை எழும்ப வேண்டும் என்று அரசன் உத்தரவு போட்டான். வேலை வாங்கத் தாண்டவராயன் என்றொரு கங்காணியை வைத்தான்.

ஆண்கள் மண் வெட்டினார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்து வந்து, கட்டி உடைத்துக் கொட்டினார்கள். கொட்டிய மண் இறுகுவதற்காக மாடுகளை நுகத்தடியில் பூட்டி அதன்மேல் நடக்கவிட்டார்கள். மண் சுமந்தவர்களில் ஒருத்தி மாராயி. அவளுடைய கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு மூக்காயி பார்த்துக்கொண்டாள்.

நேரத்தை நீட்டினால் கரையும் நீளும் என்பது கங்காணியின் நினைப்பு. முதலில் மத்தியான ஓய்வைப் பிடுங்கினான். பிறகு சாயங்காலத்தைப் பிடுங்கினான். அதுவும் போதாமல் விடியற்காலையையும் பிடுங்கினான். மாராயி கிளம்பும்போதும் குழந்தை தூங்கும், திரும்பும்போதும் தூங்கும்.

கரை நீண்டதா? எங்கே நீண்டது! கண் சொருகிப்போன பெண்களுக்குக் கட்டி உடைக்கக்கூடத் தெம்பில்லை. அப்படியே கொட்டினார்கள். மறுநாள் காலையில் மாடு ஏறி மிதித்தால் மண் பொலபொலவென்று சரிந்தது. சாயங்காலம் போட்டதைக் காலையில் வெட்டி எடுப்பதே பிழைப்பாகிவிட்டது. அதற்கும் அவர்களைத்தான் திட்டினான், அந்த மகாபுத்திசாலி!

ஒருநாள் உச்சிப்பொழுது. கங்காணி வழக்கம்போலக் கத்தினான்.

"டேய், மாடு நுரை தள்ளுது பாரு! அவுத்து விடுங்கடா. நிழல்ல கட்டித் தண்ணி காட்டுங்க."

தலையில் கூடையோடு பக்கத்திலேயே நின்றிருந்த மாராயி கேட்டாள். "எங்களை எப்போ சாமி அவுத்து விடுவீக?"

"வாயை மூடிக்கிட்டுப் போய் மண்ணைக் கொட்டு!"

அன்று அவள் வீடு திரும்பியபோது அதிசயமாகக் குழந்தை விழித்திருந்தது. ஆசையோடு கையை நீட்டினாள். யாரோ எவளோ என்று குழந்தை வீறிட்டு அலறி, மூக்காயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாராயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்றவளுக்கு வராமல் என்ன செய்யும்?

மறுநாள் உச்சிப்பொழுதில் மாடுகளை அவிழ்த்ததும், கீழே கிடந்த நுகத்தடியை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் ஜோடி ஜோடியாக நுகத்தடியை ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்கள். நேராக அரண்மனை வாசலில் போய் நின்றார்கள்.

அரசன் வெளியே வந்தான். "இதென்ன கூத்து?"

"கூத்தில்லை மகாராசா. எங்களையும் மாட்டோட சேர்த்துருங்கன்னு கேக்க வந்தோம்."

"மனுஷியாப் பொறந்துட்டு மாடாக ஆசைப்படுவாங்களா?"

"மாடா இருந்தா உச்சியில அவுத்து விடுவாக. மாடா இருந்தா நிழலும் தண்ணியும் கிடைக்கும். மாடா இருந்தா எங்க கன்னுக்குட்டி எங்களை அடையாளம் கண்டுக்கும் மகாராசா."

அரசன் நுகத்தடியை இறக்கச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்து அவன் காதருகே குனிந்தான். "இவங்களைச் சீக்கிரம் அனுப்பினா கரை எழும்பாது அரசே. மழை வந்துரும்!"

அரசன் தலையாட்டப் போனான். மாராயி விடவில்லை.

"அப்போ மாட்டை மட்டும் ஏன் சாமி உச்சியில அவுக்கறீக?"

"அதுக்கு மேல ஓட்டினா மாடு தள்ளாடும். மிதி சரியா விழாது. வேலை கெட்டுப்போகும்!" என்று கங்காணி பட்டென்று சொன்னான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாடு தள்ளாடுறது தெரியுது, மனுஷி தள்ளாடுறது தெரியலையா?" என்றான் அரசன். "தாண்டவராயா, கூடையை எடு. சாயங்காலம்வரைக்கும் நீ சுமந்து காட்டு."

அரசனே கரையில் வந்து உட்கார்ந்தான். கங்காணி முதலில் கட்டி உடைத்துக் கொட்டினான். பிறகு உடைக்காமல் கொட்டினான். வெயில் சாய்வதற்குள் கூடையோடு மண்ணிலேயே சரிந்தான்.

பொழுது நன்றாக விடிந்த பிறகே வேலை தொடங்க வேண்டும், மாட்டை அவிழ்க்கும்போது மனிதர்களும் கூடையை வைத்துவிட வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது. கட்டி உடைத்துக் கொட்டிய மண் மறுநாளும் நின்றது. வெட்டி எடுக்க வேண்டிய மண் இல்லை. மழைக்கு முன்பே கரை எழும்பியது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும் அசையவில்லை.

கரை வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மத்தியானம், மாராயி குடிசைக்குள் நுழைந்ததும் குழந்தை மூக்காயியின் மடியைவிட்டு இறங்கித் தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

மாட்டுக்குக் கேட்காமலே கிடைத்த நியாயத்துக்காக ஒரு தாய் நுகத்தடி சுமக்க வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஓய்வைப் பிடுங்கி வாங்கும் வேலை, வேலையையும் கெடுக்கும், வேலை செய்பவர் வீட்டையும் கெடுக்கும்.